பிரிடில்வே இருக்கும்போது குதிரைக்கு பர்மிட் எதற்கு? (தெற்கு இங்கிலாந்து)

சசெக்ஸ்_சவாரி:
குதிரை ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் பக்கத்துல ஒரு லிவரி யார்டுல (காசு வாங்கிட்டு குதிரை வெச்சுக்கிற லாயம்) நிக்குது. கார் ஓடுற ரோட்டை முடிஞ்சவரை தவிர்க்கணும். ஃபாரஸ்ட்டுக்கு வருஷ பர்மிட் வாங்கணும்னு யார்டுல சொல்றாங்க. பக்கத்து எஸ்டேட்ல ஒரு டோல் ரைடு (காசு கட்டி ஓட்டுற தனியார் சவாரிப் பாதை) இருக்கு, அதுக்குத் தனி சந்தா. ஆனா மேப்ல ரெண்டுக்கும் நடுவே பிரிடில்வே (குதிரையும் போகலாம்னு இருக்கிற பொதுவழி) ஓடுதே, அப்புறம் எதுக்குப் பணம்? வாரம் ரெண்டு நாள் ஒரு ஷேரரும் (என் குதிரையைப் பங்கு போட்டு ஓட்டுறவங்க) ஓட்டுறாங்க. என் பர்மிட்டே அவங்களுக்கும் போதுமா?

பச்சைக்கோடு:
பிரிடில்வேல போக ஒரு பென்னிகூடத் தர வேண்டாம், அது சட்டப்படி பொதுவழி. அந்தக் கோட்டை விட்டு விலகினாத்தான் பர்மிட். ஆஷ்டவுன்ல நடக்கிறவங்களுக்குக் காடு முழுக்க உரிமை உண்டு, குதிரைக்கு இல்ல.

1:25,000 ஓஎஸ் (ஆர்ட்னன்ஸ் சர்வே, அரசு நில அளவை நிறுவனம்) மேப்பை எடுங்க. நீளமான பச்சைக் கோடு பிரிடில்வே, குட்டிப் பச்சைக் கோடு ஃபுட்பாத் (நடக்க மட்டும்). ஆரஞ்சுக் கோடு நிலக்காரர் விருப்பப்பட்டு விட்டிருக்கிற வழி, நாளைக்கே மூடலாம். களத்துல நீல அம்பு உங்களுக்கு, மஞ்சள் நடக்கிறவங்களுக்கு. ஊதாவும் சிவப்பும் பைவே (வண்டியும் போகிற பொதுவழி), அதுலயும் குதிரையில போகலாம். சந்தேகம்னா கவுன்டி கவுன்சிலோட டெஃபினிட்டிவ் மேப்தான் (பொதுவழிகளோட சட்டப்பூர்வப் பதிவு) கடைசி வார்த்தை.

நிறையப் பேர் மாட்டிக்கிறது மேப்ல மஞ்சளா நிறம் பூசின 'ஆக்சஸ் லேண்ட்'ல (பாதையை விட்டும் சுத்தித் திரியலாம்னு உரிமை உள்ள நிலம்). 2000-ம் வருஷச் சட்டம் அந்த உரிமையை நடக்கிறவங்களுக்கு மட்டும்தான் கொடுத்துச்சு. (ஸ்காட்லாந்து வேற கதை. 2003 சட்டப்படி பொறுப்பா ஓட்டினா குதிரைக்கும் அனுமதி உண்டு.)

வழக்கமா போற சுற்றை மேப்ல வரைஞ்சு, எவ்வளவு தூரம் பச்சைக் கோட்டுக்கு வெளியே விழுதுன்னு பாருங்க. ரெண்டு பிரிடில்வேயை இணைக்கிற அரை மைல் துண்டா இருந்தாலும், அது 60 மைல் வேக ரோட்டைத் தவிர்க்க வைக்குதுன்னா கட்டுற காசு தகும். காட்டுக்குள்ள அங்கங்க சுத்திப் பார்க்க மட்டும்னா யோசிங்க.

லாடமும்_லாயமும்:
பர்மிட் ஓட்டுபவர் பெயரிலா, குதிரையின் பெயரிலா என்பதை முதலில் கேளுங்கள். ஓட்டுபவர் பெயரில் என்றால் ஷேரருக்குத் தனியாக வேண்டும். யாருமே கேட்காமல் விடும் கேள்வி இது. ஒரு நாள் வார்டன் நிறுத்தும்போதுதான் தெரியவரும்.

பணம் கட்டும் முன் விதிகளில் பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. பர்மிட் வாங்கிய நாளிலிருந்து 12 மாதமா, நிலக்காரரின் கணக்கு ஆண்டா? இரண்டாவது என்றால் பாதி வருடத்தில் சேர்ந்தவர் முழுப் பணம் கட்டக்கூடும். மழைக்காலத்தில் மூடுவார்களா, மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா? அந்தப் பக்கம் களிமண். ஈரத்தில் நாலு குதிரை போனால் போதும், குளம்புக் குழிகளில் தண்ணீர் தேங்கிப் பாதையே சேறாகிவிடும், மூடுவது நியாயம்தான். குட்டி ஈனும் காலத்தில் ஆட்டு வயலும், வேட்டைக் காலத்தில் காடும் மூடப்படலாம்.

எண் போட்ட டேக் கொடுத்தால், விதி இடம் கொடுக்கும்பட்சத்தில் சேணத்தின் டி-ரிங்கில் (சாமான் கட்டும் உலோக வளையம்) கட்டுங்கள். கடிவாளத்தின் கன்னப்பட்டையில் தொங்கவிட்டால் கண்ணருகே ஆடி, கூச்சமுள்ள குதிரை தலையை உதறிக்கொண்டே வரும்.

கேட்டையும் நடந்துபோய்ப் பாருங்கள். பிரிடில்வே கேட் குறைந்தது 5 அடி அகலம் இருக்க வேண்டும் என்பது 1980 ஹைவேஸ் ஆக்ட். தனியார் வழிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இறங்கித் திறந்து ஏற வேண்டியிருக்கும்.

மூன்றாம் நபர் காப்பீடு பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எடுங்கள். 1971 அனிமல்ஸ் ஆக்ட் படி, சில சூழல்களில் உங்கள் கவனக்குறைவு இல்லாமலேயே பொறுப்பு உங்கள் தலையில் விழும். பர்மிட் கட்டணத்தில் காப்பீடு அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்டு உறுப்பினர் சந்தாவில் அது சேர்ந்தே வருகிறது. ஷேரருக்கும் தனியாக இருக்கட்டும்.

வரப்போரம்:
இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு. ஒரு தடத்தை 20 வருஷம் மக்கள் ஒளிவுமறைவில்லாம, சண்டை போடாம, அனுமதி கேட்காம உபயோகிச்சா அதைப் பொதுவழியாப் பதியச் சொல்லிக் கோரலாம். நீங்க காசு கட்டி ஓட்டினா அது அனுமதியோட ஓட்டுறது, அந்தக் கணக்குல சேராது. சில எஸ்டேட்டுக்கு டோல் ரைடு பிடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால ஊர்க்காரங்க வருஷக்கணக்கா சும்மா ஓட்டிட்டிருந்த தடத்துக்கு திடீர்னு பர்மிட் கேட்டா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கவுன்சிலோட ரைட்ஸ் ஆஃப் வே (பொதுவழி) அலுவலகத்துல ரெண்டு விஷயம் விசாரிங்க: அந்தத் தடத்துக்கு விண்ணப்பம் ஏதாவது நிலுவையில இருக்கா, ஹைவேஸ் ஆக்ட் 31(6) பிரிவுப்படி, புதுசா எதையும் பொதுவழியா விட எண்ணமில்லைன்னு நிலக்காரர் அறிவிப்பு தாக்கல் பண்ணியிருக்காரா. பழைய ஆட்கள்கிட்ட சாட்சிப் படிவமும் வாங்கி வைங்க. ஆஷ்டவுன் பர்மிட்டை இதோட குழப்பிக்க வேண்டாம், அது காட்டுக்கே உரிய ஏற்பாடு.

சசெக்ஸ்_சவாரி:
நன்றி. ஜெர்மனில நம்பர் பிளேட்டே மாட்டுறாங்களாமே?

லாடமும்_லாயமும்:
நார்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்தில் உண்டு. குதிரையின் இரு பக்கமும் எண் தகடு, அதில் அந்தந்த ஆண்டுக்கான ஸ்டிக்கர். தனியாருக்கு வரி ஆண்டுக்கு 25 யூரோ, அலுவலகக் கட்டணம் தனி. அந்தப் பணம் சவாரிப் பாதைகளுக்கும், குதிரையால் வந்த சேதத்துக்கு ஈடு கொடுக்கவும் போகிறது. இங்கே டோல் ரைடில் எஸ்டேட் எதற்குச் செலவழிக்கிறது என்பதை நீங்களேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.