கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று பாப்பாவுக்கு எப்போது தெரியும்?

அல்சூர் அம்மா:
மகளுக்கு 17 மாதம். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்தும் வீடியோவை வீட்டுக்காரர் எங்கோ பார்த்துவிட்டு, இங்கேயும் செய்து பார்த்தார். அவள் மூக்கைத் தொடவே இல்லை, கண்ணாடிப் பாப்பாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போச்சு. பார்த்துக்கொள்ளும் அக்கா கன்னடம், நாங்கள் தமிழ், அதில் குழம்புகிறாளோ என்று வேறு சந்தேகம்.

கேஆர் புரம் அப்பா:
மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சோதனையைக் குழந்தைகளிடம் செய்து 1972இல் வெளியிட்டவர் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர். அதற்கு முன்பே, 1970இல், கார்டன் கேலப் என்ற இன்னொரு உளவியலாளர் சிம்பன்சிகளிடம் செய்திருந்தார். பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்துக்கு மேல், இரண்டு வயதுக்குள்தான் தன் மூக்கைத் தொடும், அதாவது கண்ணாடியில் இருப்பது தான்தான் என்று புரிந்துகொள்ளும். முத்தமும் பின்னால் தேடுவதும் அதற்கு முந்தைய கட்டம், அவ்வளவுதான். அப்புறம், திருஷ்டிப் பொட்டு வைப்பீர்களா? தினமும் கன்னத்தில் மையோடு திரிகிற பிள்ளைக்கு முகத்தில் இன்னொரு கறை என்ன பெரிய செய்தி?

அல்சூர் அம்மா:
ஐயோ, வைக்காமல் மாமியார் விடுவாரா!

மடிவாளா:
கண்ணாடியை விடுங்கள், அடுத்தவர் மனசு புரிகிறதா என்று பாருங்கள், எனக்கு அதுதான் சுவாரசியம். 1997இல் ரெப்பச்சோலி, கோப்னிக் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகள் எதிரே பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்து, ப்ரோக்கோலியைத் தின்று ஆஹா என்றுவிட்டு, எனக்குக் கொஞ்சம் கொடு என்று குழந்தையிடம் கை நீட்டினார்கள். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன, 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தன. நான் முறுக்கும் வெள்ளரிக்காயும் வைத்துச் செய்தேன். மகன் முறுக்கைத் தானே தின்றுவிட்டான், அது எந்தக் கணக்கோ.

சிவாஜி நகர் பாட்டி:
பேர் சொன்னால் திரும்புகிறாளாம்மா? நிலாவையோ காக்காயையோ விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீ பார்த்தாயா என்று உன் முகத்தைப் பார்க்கிறாளா? இந்த வயதில் அது முக்கியம். ரெண்டில் ஒன்று இல்லை என்றாலும் குழந்தை டாக்டரிடம் காட்டு.

அல்சூர் அம்மா:
மெட்ரோ போனால் விரல் நீட்டுவாள் பாட்டி, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். சரி, பொட்டைக் காதுக்குப் பின்னால் வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.