மகனின் அடங்காத பசி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பதினோரு வயதான என் மகன், இரவில் நான்கு தோசை சாப்பிட்டு எழுந்த அரை மணி நேரத்துக்குள் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுகிறான். எடையும் கூடிக்கொண்டே போகிறது. இதை வாய்க்கட்டுப்பாடு இல்லாமை என்றே எண்ணித் திட்டி வந்தேன். ஆனால், உடலின் கொழுப்பு இருப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்டது என்பதையும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 2019 ஆய்வில், ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவை இரண்டு வாரம் விரும்பிய அளவு உண்ட 20 பேர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டதையும் படித்தபின், திட்டியது தவறோ என்று தோன்றுகிறது.

தாத்தாவின் தேநீருக்காக வாங்கும் பிஸ்கட்டை நிறுத்த இயலவில்லை. இத்தகைய வீட்டில் குழந்தையின் பழக்கத்தை மாற்றியவர்கள், மாலையில் சுண்டலைத் தவிர வேறு என்ன கொடுத்தீர்கள் என்பதையும், எந்த அறிகுறி இருந்தால் ஹார்மோன் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.