பிராக்சிமா பி: இருட்டில் ஓசோன் எப்படி?

வேதியியல்_வாத்தியார்:
புற ஊதா ஒளி ஆக்சிஜனை உடைத்தால்தான் ஓசோன் உருவாகும் என்று பிளஸ் டூவுக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்ச் பையன் எழுந்து, "பிராக்சிமா பி கோளில் வெளிச்சமே படாத பக்கத்தில்தான் ஓசோன் அதிகமாமே சார்?" என்றான். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை 11.2 நாளில் சுற்றும் அந்தக் கோள் அந்த விண்மீனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதாகக் கருதுகிறார்கள். மறுபக்கம் நிரந்தர இரவு. அங்கே ஓசோனா? நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

மேலைக்காற்று:
பையன் சொன்னது சரிதான் சார், ஆனால் அது கணினி மாதிரியின் முடிவு. அந்தக் கோளில் காற்று இருப்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பூமியைப் போல நைட்ரஜனும் ஆக்சிஜனும் இருந்தால் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

உங்கள் பாடத்தில் தப்பில்லை. ஓசோன் உருவாவது பகல் பக்கத்தில்தான், சேருமிடம்தான் வேறு. மேலடுக்குக் காற்று அதை இரவுப் பக்கத்துக்கு அள்ளிப் போகிறது. அங்கே காற்று குளிர்ந்து கீழே இறங்குகிறது. இறங்குகிற இடத்தில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு பெரிய சுழல்கள். உள்ளே மாட்டினால் லேசில் வெளியே வர முடியாது. அப்புறம், ஓசோனைச் சிதைப்பதிலும் ஒளிக்குப் பங்கு உண்டே! இருட்டில் அதன் ஆயுள் கூடிவிடுகிறது.

பூமியிலும் பாருங்கள். ஓசோன் அதிகம் உருவாவது வெப்பமண்டலத்துக்கு மேலே. ஆனாலும் உயர் அட்சரேகைகளில் வசந்த காலத்தில் இருக்கும் அளவு நம் தலைக்கு மேல் இல்லை. பிரூவர்-டாப்சன் சுழற்சி என்கிற மேலடுக்குக் காற்றோட்டம் அதைத் துருவப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. நான் என்றால் இங்கிருந்துதான் வகுப்பைத் தொடங்குவேன்.

கரிச்சட்டி:
வியாழனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேலே இருக்கும் குளிரில் கார்பன் மீத்தேனாகத்தான் இருக்க வேண்டும். 1975-இல் பார்த்தால் கார்பன் மோனாக்சைடு! ஆழத்துச் சூட்டில் உருவானது, மீத்தேனாக மாறுவதற்குள் காற்றோடு மேலே ஏறிவிடுகிறது என்று 1977-இல் பிரின், பார்ஷே என்ற இரண்டு அறிவியலாளர்கள் விளக்கினார்கள். வினை வேகமா, காற்று வேகமா என்பதுதான் கேள்வி.

வேதியியல்_வாத்தியார்:
இன்று நடத்தினேன், நன்றி. எல்லாம் கேட்டுவிட்டு அதே பையன், "வெயிலே அடிக்காத பக்கத்துக்கு எதுக்கு சார் குடை?" என்கிறான்.