எரிபொருள் அகற்றும் முன் எந்திரத்தைச் சோதித்த நாட்கள்

முதல் பகிர்வு: இயந்திரவியல் ஆய்வாளர், அழுத்த நீர் உலை

நிரந்தரமாக நிறுத்தப்பட்ட ஓர் உலையிலிருந்து 157 எரிபொருள் தொகுதிகளையும் (ஒவ்வொன்றும் எரிபொருள் கோல்களின் ஒரு கட்டு) வெளியே எடுத்த பணியில், எரிபொருளைத் தூக்கும் எந்திரத்தை ஆய்வு செய்து "பயன்படுத்தலாம்" என்று கையெழுத்திடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தக் கையெழுத்துக்கு முன் நடந்த ஒரு சோதனையைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால் நல்லது.

இந்த எந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலையின் மூடியைக் கழற்றிய பின் அதன் மேலுள்ள பெரிய குழி போரான் கலந்த நீரால் நிரப்பப்படுகிறது. உலைக் கலனின் வாய்க்கு மேல் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும். கதிர்வீச்சிலிருந்து எங்களைக் காப்பது அந்த நீர்தான். குழியின் இருபுறமும் உள்ள தண்டவாளங்களின் மேல் பாலம் போன்ற ஒரு கிரேன் ஓடும். அதிலிருந்து மாஸ்ட் என்னும் நீண்ட குழாய் நீருக்குள் இறங்குகிறது. மாஸ்டின் உள்ளே இருக்கும் கிரிப்பர், 4 மீட்டர் நீளமுள்ள ஒரு தொகுதியின் தலையைப் பற்றி மேலே இழுத்துக்கொள்ளும். பிறகு அந்தத் தொகுதி நிமிர்த்தும் சட்டத்தில் நிறுத்தப்பட்டு, படுக்கவைக்கப்பட்டு, சுவரில் உள்ள குழாய் வழியாகப் பயன்படுத்திய எரிபொருள் குளத்துக்குப் போகும்.

உண்மையான தொகுதியைத் தொடுவதற்கு முன் டம்மி ஒன்றை வைத்து இந்த முழுப் பாதையையும் ஓட்டிப் பார்ப்போம். டம்மிக்கு அளவும் எடையும் உண்மைத் தொகுதியைப் போலவே இருக்கும். உள்ளே யுரேனியம் இருக்காது.

அந்த ஆண்டு எங்கள் எந்திரத்தின் எடை அளவிடும் லோடு செல்லும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் புதியவை. பழைய பெட்டிக்கு உதிரி கிடைக்காததால் மாற்றியிருந்தார்கள். புதிய பெட்டியைப் பணிமனையில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் சரிபார்த்த தாள் என் மேசைக்கு வந்தது. எல்லாக் கட்டங்களிலும் குறி போடப்பட்டிருந்தது. தொகுதியின் எடை ஏறத்தாழ 670 கிலோ. அதற்கு மேல் 100 கிலோ கூடினால் ஹாய்ஸ்ட் (மேலே இழுக்கும் பொறி) நின்றுவிட வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். தாளில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீருக்குள் டம்மியைத் தூக்கியபோது காட்டி 590 சொச்சம் காட்டியது. அது இயல்புதான். இந்த வகைத் தொகுதி தன் பருமனளவு நீரை விலக்குவதால் சுமார் 75 முதல் 85 கிலோ எடையை இழக்கும். அந்த எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் நடைமுறையில் இன்னொரு படி இருந்தது: டம்மியோடு கூடுதல் எஃகுத் துண்டுகளை இணைத்து, ஹாய்ஸ்ட் எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எஃகும் நீரில் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு துண்டுகளைக் கூட்டினோம். 100 கிலோ கூடியபோது நிற்கவில்லை. 120-இலும் நிற்கவில்லை. 170-ஐத் தாண்டிய பிறகுதான் நின்றது.

காரணம் எளிது. வரம்பு உலர்ந்த எடையை வைத்துப் போடப்பட்டிருந்தது, வேலையோ நீருக்குள் நடக்கிறது. 100 கிலோ கூடுதல் இழுவிசையில் நிற்க வேண்டிய எந்திரம் ஏறத்தாழ 180 கிலோ வரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

80 கிலோ வித்தியாசத்தைப் பெரிதாக நினைக்க வேண்டுமா என்று அன்று சிலர் கேட்டார்கள். உலைக்குள் தொகுதிகள் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருக்கமாக நிற்கின்றன. பல மாதங்கள் நியூட்ரான் தாக்குதலிலும் வெப்பத்திலும் இருந்த தொகுதி நேராக இருப்பதில்லை, சிறிது வளைந்திருக்கும். தூக்கும்போது அதன் கோல்களைப் பிடித்திருக்கும் வலைச்சட்டத்தின் விளிம்பு பக்கத்துத் தொகுதியின் வலைச்சட்டத்தில் மாட்டக்கூடும். அந்தச் சட்டங்கள் மெல்லிய தகடுகள். மாட்டிக்கொண்டதை எந்திரத்துக்குச் சொல்வது லோடு செல் மட்டுமே. அது பேச வேண்டிய நேரத்தில் பேசாவிட்டால் தகடு கிழிந்து, துண்டு உலையின் அடியில் விழும். அதன் பின்னால் எரிபொருள் கோலே சேதமடையலாம். போதாததற்கு, சில தொகுதிகள் கட்டுப்பாட்டுக் கோல்களின் கொத்தோடு வெளியே வரும், சில வெறுமனே வரும். இரண்டுக்கும் எடை வேறு என்பதால் வரம்பும் வேறாக இருக்க வேண்டும்.

மறு அளவீட்டுக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. அட்டவணையில் அந்த இரண்டு நாட்களுக்கு இடமில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தமும் நியாயமானதே, ஏனென்றால் அவருக்குக் கீழே நூறு பேருடைய வேலை காத்திருந்தது. ஆயினும் அந்தப் பணியில் நாங்கள் செலவிட்ட நேரங்களில் இதைவிடப் பயனுள்ள இரண்டு நாட்கள் எனக்கு நினைவில் இல்லை.

இரண்டாம் பகிர்வு: மின்னியல், கருவியியல் பிரிவு

நீங்கள் சொன்னதைப் படித்தபோது ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் 3-ஆம் உலை நினைவுக்கு வந்தது. அங்கே குளத்திலிருந்து 566 தொகுதிகளை எடுக்கப் புதிதாக நிறுவிய எந்திரமும் கிரேனும் 2018-இல் சோதனை ஓட்டத்திலேயே அடுத்தடுத்துப் பழுதாயின. கிரேனின் மின்னழுத்த அமைப்பு, களத்தில் கொடுக்கப்பட்ட மின்சாரத்துக்குப் பொருந்தாமல் இருந்தது. ஆகஸ்டில் எரிபொருள் கையாளும் எந்திரம் நின்றதற்குக் கம்பி இணைப்பில் மழைநீர் புகுந்து அரித்தது காரணமாயிற்று. தயாரித்த இடத்தில் தேறிய எந்திரம், நிறுவிய இடத்தின் மின்சாரத்தையும் மழையையும் சந்தித்தபோது தேறவில்லை. அதன் பின் எல்லா இணைப்புகளையும் மீண்டும் ஆய்வு செய்துவிட்டு 2019 ஏப்ரலில் தொடங்கி 2021 பிப்ரவரியில் முடித்தார்கள். பழுது எரிபொருளைத் தொடுவதற்கு முன்பே வெளிப்பட்டதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை; சோதனை தன் வேலையைச் செய்தது.

என் சொந்த அனுபவம் நிமிர்த்தும் சட்டத்தைப் பற்றியது. சட்டம் முழுவதும் செங்குத்தாக நின்றால் மட்டுமே மாஸ்ட் அதன் மேல் இறங்க அனுமதிக்கும் இன்டர்லாக் என்னும் தடை ஏற்பாடு ஒன்று உண்டு. நீருக்கடியில் உள்ள லிமிட் சுவிட்ச் அந்தச் செய்தியை அனுப்புகிறது. "செங்குத்து" விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பயிற்றுவித்தவர் அப்படி விடமாட்டார். விளக்கு எரியக் கூடாத நிலையில் எரிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்வார். ஒருமுறை சட்டத்தைச் செங்குத்துக்குச் சில பாகை முன்பாகவே நிறுத்தினோம். விளக்கு எரிந்தது. நீரடிக் கேமராவை இறக்கிப் பார்த்தபோது, சுவிட்சை அழுத்தும் தகடு வளைந்து, சட்டம் வந்து சேரும் முன்பே சுவிட்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. எத்தனை காலமாக அப்படி இருந்தது என்பதை எந்தப் பதிவிலிருந்தும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் எல்லாப் பதிவுகளிலும் "விளக்கு எரிந்தது, சரி" என்றே எழுதியிருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு இன்டர்லாக்குக்கும் நான் இரண்டு வரிகள் எழுதுகிறேன்: அனுமதிக்க வேண்டிய இடத்தில் அனுமதித்ததா, தடுக்க வேண்டிய இடத்தில் தடுத்ததா.

மூன்றாம் பகிர்வு: எரிபொருள் மாற்றும் குழுவின் மேற்பார்வையாளர்

தூக்கும் எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்கும் முன்னால் வரும் ஒரு தூக்கலை மறந்துவிடக் கூடாது. உலைக்குள் தொகுதிகளின் தலைக்கு மேல் அமர்ந்திருக்கும் மேல் உட்கட்டமைப்பை வெளியே எடுத்தால்தான் தொகுதிகளை அணுக முடியும். பிரான்சின் திரிகாஸ்தான் 2-ஆம் உலையில் 2008 செப்டம்பரில் அந்தக் கட்டமைப்பைத் தூக்கியபோது இரண்டு எரிபொருள் தொகுதிகள் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கின. அவற்றைப் பாதுகாப்பாக விடுவிப்பதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

எங்கள் குழுவில் அந்தக் கட்டமைப்பைச் சிறிதளவு உயர்த்தியதும் நிறுத்திவிடுவோம். கேமராவை உள்ளே செலுத்தி, ஒவ்வொரு வரிசையாக, எல்லாத் தொகுதிகளின் தலைகளும் கீழேயே நிற்கின்றனவா என்று பார்த்து, இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகே மேலே தூக்கச் சொல்வேன். கேமராவையும் அதன் விளக்கையும் எந்திரச் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மங்கலான படத்தை வைத்துக்கொண்டு "ஒன்றும் தொங்கவில்லை" என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

நான்காம் பகிர்வு: கனநீர் உலை, எரிபொருள் ஏற்றும் எந்திரப் பிரிவு

எங்கள் உலைகளில் குழியும் இல்லை, மாஸ்டும் இல்லை. கிடைமட்டமான நூற்றுக்கணக்கான குழாய்களில், அரை மீட்டர் நீளமுள்ள கற்றைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு குழாயின் இரு முனைகளிலும் ஓர் எந்திரம் வந்து பொருந்தி, உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை மாற்றும். கனடாவின் டார்லிங்டன் 2-ஆம் உலையைப் புதுப்பிப்பதற்காகக் காலிசெய்தபோது 480 குழாய்களிலிருந்து 6,240 கற்றைகளை எடுத்தார்கள் என்றால், எந்திரம் எத்தனை முறை பொருந்தி விலக வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வழக்கமான மாற்றத்தில் புதிய கற்றை பழையதைத் தள்ளிக்கொண்டு போகும். காலிசெய்யும்போது தள்ளுவதற்குப் பின்னால் ஒன்றும் இல்லாத நிலை வருகிறது. எந்திரத்துக்கு அது பழகாத இயக்கம். அதனால் எங்கள் சோதனைக் கூடத்தில் மாதிரிக் குழாய் ஒன்றில் டம்மிக் கற்றைகளை வைத்து, கடைசிக் கற்றை வெளியேறும் வரை முழுச் சுழற்சியையும் பலமுறை ஓட்டினோம். தள்ளுகோலின் விசை, அதன் நிலை, முனைப் பொருத்தியின் கசிவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு சுழற்சியிலும் பதிந்தோம். கசிவு வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் சுழற்சிக்குச் சுழற்சி சிறுகச் சிறுகக் கூடியது. வரம்பைத் தாண்டும் வரை காத்திராமல் கசிவைத் தடுக்கும் வளையத்தை மாற்றினோம். கழற்றிய வளையத்தில் கைவிரலால் தடவினாலே தெரியும் ஒரு கீறல் இருந்தது.

முதல் பகிர்வை எழுதியவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. லிமிட் சுவிட்சைப் பற்றி எழுதியவர் சொன்ன "தடுக்க வேண்டிய இடத்தில் தடுத்ததா" என்பதை ஒட்டி, கிரிப்பர் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

தொகுதி தொங்கும்போது கிரிப்பர் திறக்காமல் இருப்பதற்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, லோடு செல் எடையைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் திறக்கும் கட்டளையை ஏற்காத மின் தடை. மற்றொன்று, தொகுதியின் எடையே விரல்களைப் பூட்டி வைத்திருக்கும் இயந்திரத் தடை. பொத்தானை அழுத்தினால் மின் தடையே கட்டளையை நிறுத்திவிடுவதால், இயந்திரத் தடை உயிரோடு இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. இரண்டாவதைச் சோதிக்க முதலாவதைச் சாவி போட்டு விலக்க வேண்டும். டம்மியை அதன் இருக்கையிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் உயர்த்தி, அடியில் வேறெதுவும் இல்லை என்று உறுதிசெய்து, மின் தடையை விலக்கி, திறக்கும் பொத்தானை அழுத்தினோம். விரல்கள் அசையவில்லை. இந்தச் சோதனையின் ஆபத்தான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது: விலக்கிய மின் தடையை மீண்டும் சேர்த்தாயிற்று என்பதை, விலக்கியவர் அல்லாத வேறொருவர் நேரில் பார்த்து, மறுபடியும் பொத்தானை அழுத்தி, கட்டளை மறுக்கப்படுவதைக் கண்டு கையெழுத்திட வேண்டும்.

இன்னொன்று, மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கேள்வி. எந்திரம் ஓடும்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்பதையே பெரும்பாலும் சோதிக்கிறோம். பாதி வழியில் நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்பது பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகிறது. ஹங்கேரியின் பாக்ஷ் 2-ஆம் உலையில் 2003 ஏப்ரலில் 30 எரிபொருள் தொகுதிகள் சேதமடைந்தது அவற்றைத் தூய்மைசெய்யும் தொட்டிக்குள்தான். தூய்மைசெய்யும் வேலை முடிந்திருந்தது. தொகுதிகள் வெளியே எடுக்கப்படுவதற்காகக் காத்திருந்தபோது குளிர்விப்பு போதாமல் சூடேறின. வேலை நடக்கும் நேரத்தைப் போலவே காத்திருக்கும் நேரத்தையும் எந்திரச் சோதனை அளக்க வேண்டும் என்று நான் நம்புவதற்கு அந்த நிகழ்வு ஒரு காரணம்.

ஆகவே டம்மி மாஸ்டுக்குள் முழுவதும் ஏறியிருந்த நிலையில் மின்சாரத்தைத் துண்டித்தோம். பிரேக் பிடித்தது, டம்மி நழுவவில்லை. பிறகு கைச்சக்கரத்தால் பாலத்தை நகர்த்தி, ஹாய்ஸ்டைச் சுழற்றி, டம்மியை ஒரு பாதுகாப்பான இடத்தில் இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான்கு பேர் மாறி மாறிச் சுற்றினார்கள். நடைமுறைத் தாளில் இருவர் போதும் என்று எழுதியிருந்ததைத் திருத்தினோம். கைச்சக்கரம் வைத்திருந்த அலமாரியின் சாவி வேறொரு கட்டடத்தில் இருந்ததும் அன்றுதான் தெரியவந்தது. அதையும் பாலத்தின் மேலேயே வைக்கச் செய்தோம்.

பணி தொடங்கிய பின் 157 தொகுதிகளில் மூன்றில் எந்திரம் தானாக நின்றது. மூன்றும் நீரெடைக்குத் திருத்திய வரம்பில், கூடுதல் இழுவிசை 100 கிலோவை எட்டியபோது நின்றவை. ஒவ்வொரு முறையும் சற்று இறக்கி, பாலத்தைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, கேமராவில் விளிம்பு விலகியதைப் பார்த்துவிட்டு மீண்டும் தூக்கினோம். மூன்றின் வலைச்சட்டங்களையும் குளத்தில் வைத்துத் தனியாக ஆய்வு செய்தோம். எதிலும் கிழிசல் இல்லை.

கடைசித் தொகுதி குளத்தின் அடுக்குக்குள் இறங்கிய மறுநாள், டம்மியைத் தூக்கிக் கழுவி, கதிரியக்க மாசு இருக்கிறதா என்று அளந்து, அதன் நிலைச்சட்டத்தில் நிறுத்திவைத்தோம். அதன் கழுத்தில் ஒரு தகடு கட்டியிருக்கிறோம். அதில் உலர் எடை, நீரெடை இரண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.