பூ மார்க்கெட் படத்தில் மல்லிகை வெறும் வெள்ளைத் திட்டாகிறது: எப்படிச் சரிசெய்வது?

வைகைக்கரை (கேள்வி)
வணக்கம். கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப்/1.8 வைத்திருக்கிறேன். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வெள்ளன அஞ்சரை மணிக்கு எடுக்கும் படங்களில் மல்லிகைக் குவியல் மொட்டு மொட்டாகத் தெரியாமல் ஒரே வெள்ளையாக விழுகிறது. கிட்டப் போய் எடுத்தால் அதே பூ சாம்பல் பூசின மாதிரி வருகிறது. பூக்கட்டும் அக்காமார் விரல் அசைந்து போகிறது. ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு ஏற்றினால் குறுக்கே மங்கலான பட்டை விழுகிறது. மற்றபடி எல்லாம் ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே தேர்வது), ஏவி மோடில் (லென்ஸ் திறப்பை மட்டும் நான் வைப்பது) எடுத்தவை. ஃபிளாஷ் போட மனசில்லை.

மாசிவீதி
வெளுப்பதற்கும் சாம்பலாவதற்கும் காரணம் ஒன்றுதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. காட்டுவதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஈரச்சாக்கு, இருட்டுக் கூரை, கறுத்த தரை எல்லாம் சட்டகத்தில் நிறைந்து மல்லிகை கொஞ்சமாக இருந்தால், "ரொம்ப இருட்டு" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். பூ வெளுத்துவிடும். சட்டகம் முழுக்கப் பூவாக இருந்தால் "ரொம்ப வெளிச்சம்" என்று குறைக்கும். பூ அழுக்காகிவிடும். அதனால் பூவை வைத்தே அளந்து, எவ்வளவு கூட்டுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்க.

மோடை எம்முக்கு (எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல்) மாற்றுங்க. ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்க. 1500டியில் ஸ்பாட் மீட்டரிங் கிடையாது. பார்ஷியல் உண்டு, நடுவில் ஏறக்குறைய 10 சதவீத இடத்தை மட்டும் பார்க்கும். அந்த நடுப்பகுதியில் மல்லிகை மட்டும் நிறையும்படி கிட்டப் போய், மீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை சரிசெய்யுங்க. உதாரணமாக 50 எம்எம் லென்ஸில் எஃப்/2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் போலக் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் திறப்பு கூடும்). இந்த கேமராவில் ஐஎஸ்ஓ முழு ஸ்டாப்பாகத்தான் நகரும், ஆகவே 3200, அப்புறம் எஃப்/2.5. அதோடு விட்டுவிடுங்க. விளக்கு மாறாதவரை முள் எங்கே ஓடினாலும் கண்டுகொள்ளாதீங்க.

படத்தைப் பார்க்கும்போது தகவல் திரையைத் திறந்தால் வெளுத்த இடம் கறுப்பாகக் கண் சிமிட்டும். மொட்டின் நுனியில் ஒன்றிரண்டு புள்ளி சிமிட்டினால் பரவாயில்லை. குவியலின் மேல்பக்கம் முழுக்கச் சிமிட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறைங்க. ஜேபெக் மட்டும் எடுப்பவர் ஒரு ஸ்டாப்போடு நிறுத்துவது நல்லது. ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் கொஞ்சம் மீட்கலாம். இருட்டாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தூக்கலாம் என்று மட்டும் நினைக்காதீங்க, 1500டியில் நிழல் முழுக்க மணல் மணலாக நாய்ஸ் வந்துவிடும்.

கனகாம்பரம், செவ்வந்திக்கு இந்தக் கணக்கு உதவாது. வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் மொத்த வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டும்போதே சிவப்பு சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். இதழில் மடிப்பே இல்லாமல் சாயம் கொட்டியது போல ஆகிவிடும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பைப் பார்த்துக் குறைங்க.

தெப்பக்குளம்_ரா
பட்டை விவகாரத்துக்கு வருகிறேன். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/100 வைத்தால் ஒரு முழு மினுக்கல் உள்ளே வந்துவிடும், 1/50 என்றால் இரண்டு. 1/500இல் ஷட்டர் முழுசாகத் திறக்காது, ஒரு பிளவுதான் சென்சார் மேல் நகரும். அந்த நேரத்தில் விளக்கு மங்கினால் அந்த இடம் பட்டையாகும். எல்லா எல்இடியும் இப்படி இல்லை. கடைக்குள் போனதும் வெறும் சுவரையோ சாக்கையோ 1/500இல் நாலு படம் எடுத்துப் பாருங்க. நாலும் ஒரே மாதிரி இருந்தால் அந்த விளக்கு நல்ல விளக்கு, தாராளமாக வேகம் கூட்டலாம்.

விளக்கு மோசம் என்றால் 1/100ஐ விட்டு நகராதீங்க, விரல் நிற்கும் நொடியைப் பிடிங்க. கவனித்துப் பாருங்க: இரண்டு பக்கமும் மொட்டு வைத்து, வாழைநாரைச் சுற்றிச் சுண்டி இழுக்கிறபோது முடிச்சு இறுகும் அந்தக் கணத்தில் இரண்டு கையும் நின்றுவிடும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தரம் அது வரும். அந்தத் தாளத்தை நாலைந்து முடிச்சு பார்த்துவிட்டு அழுத்துங்க. கிட் லென்ஸின் ஐஎஸ் (அசைவைச் சமன்செய்யும் வசதி) நம் கை நடுக்கத்துக்குத்தான், அவங்க விரலுக்கு இல்லை. 50 எம்எம்மில் அதுவும் கிடையாது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைங்க.

இன்னொன்று: ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப்/2.5 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் எட்டு செ.மீ. அளவுதான். விரல் நுனியில் ஃபோகஸ் வைத்தால் முகம் கலங்கும். இரண்டும் வேண்டுமென்றால் பக்கவாட்டில் போய், கையும் முகமும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் வரும்படி நில்லுங்க. ஒன்பது ஃபோகஸ் புள்ளியில் நடுவில் இருப்பதுதான் மங்கலில் நம்பகமானது.

மாசிவீதி
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதுரையில் சூரிய உதயம் வருஷம் முழுக்க 5.50க்கும் 6.40க்கும் நடுவில்தான். உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பிருந்தே வெளி ஓரத்துக் கடைகளில் வானத்து வெளிச்சம் விழ ஆரம்பித்துவிடும். முதலில் உள்ளே விளக்கில் எடுத்துவிட்டு, அப்புறம் அங்கிட்டு ஓரமாக நகர்ந்தால் 1/250 தாராளமாகக் கிடைக்கும், பட்டையும் குறைந்துவிடும்.

கீழவாசல் ஃபிலிம்
நிறத்துக்கு ஒரு வார்த்தை. ஏ4 தாளை அந்த விளக்குக்கு அடியில் பிடித்து ஒரு படம் எடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) அதைத் தேர்ந்தெடுங்க. "பூவே வெள்ளைதானே" என்று மல்லிகையை வைத்துச் செய்யாதீங்க. மொட்டின் அடியில் இளம்பச்சை ஓடும், இதழிலும் லேசான மஞ்சள் உண்டு. அதை வெள்ளை என்று சொல்லிவிட்டால் கேமரா பச்சையைக் கழிக்கும், முகமெல்லாம் ரோஸாகிவிடும். அந்த இளம்பச்சைதான் பூ புதுசு என்பதற்கு அடையாளம், அதைக் காப்பாத்துங்க.

வைகைக்கரை
நன்றி அண்ணே. பகலில் விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் நடந்துகொண்டே எடுக்கும்போது ஆட்டோஃபோகஸ் எங்கேயோ பின்னால் போய் நிற்கிறது. அதற்கு?

தெப்பக்குளம்_ரா
ஆட்டோஃபோகஸையே விட்டுவிடுங்க. கிட் லென்ஸை 18இல் வைத்து எஃப்/8. ஆறரை அடி தள்ளி இருக்கும் ஏதாவது தூணுக்கு ஃபோகஸ் செய்து, லென்ஸ் ஓரத்து சுவிட்சை எம்எஃபுக்குத் (கையால் ஃபோகஸ் செய்வது) தள்ளுங்க. மூன்றேகால் அடியிலிருந்து தொலைவுவரை எல்லாம் போதுமான தெளிவில் விழும். இந்த லென்ஸில் தூர அளவுகோல் கிடையாது. ஜூம் வளையம் நகர்ந்தால் எல்லாம் போச்சு, ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டிவிடுங்க.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/800. கடை நிழலுக்குள் நுழைந்தால் மூன்று ஸ்டாப் போல இறங்கும்: ஐஎஸ்ஓ 800, 1/400. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம்.

கீழவாசல் ஃபிலிம்
ஏசி அறையிலிருந்து நேராக மார்க்கெட்டுக்குப் போனால் கண்ணாடி மேல் ஆவி படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டு வெளியே எடுங்க. அங்கே பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறபோது லென்ஸில் துளி விழும், மைக்ரோஃபைபர் துணியை மேல்சட்டைப் பையிலேயே வைங்க. எடுப்பதற்கு முன்னால் "அக்கா, கை மட்டும் ஒரு படம் எடுத்துக்கிறவா?" என்று கேளுங்க. வியாபாரம் மும்முரமாக இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று, எடை போட்டு முடித்தபின் கேளுங்க.

வைகைக்கரை
வரும் வெள்ளிக்கிழமை எம் மோடு, ரா, ஏ4 தாளோடு போகிறேன். படங்களை இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்க.