அந்த மடிக்கணினி யார் காசு? ("ஒரு பைசா முதலீடு இல்லாமல்" என்று எழுதியவருக்கு)

அச்சாபீஸ்:
போன வாரம் மாடித்தோட்டக்காரன் இங்கே போட்ட "பன்னிரண்டு வருட அனுபவம்" படித்தேன். 2013இல் பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பதிவுத் தளத்தில் மாடித்தோட்டம் பற்றி எழுத ஆரம்பித்து, இன்றைக்கு விதை, வளர்ப்புப் பை, மண்கலவை விற்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். சந்தோஷம். ஆனால் "ஒரு பைசா முதலீடு இல்லாமல் ஆரம்பித்தேன்" என்று ஒரு வரி. அடுத்த பத்தியிலேயே, தங்கைக்குக் கல்லூரியில் கிடைத்த அரசு இலவச மடிக்கணினியில்தான் முதல் இருநூறு பதிவுகளைத் தட்டினேன் என்கிறார். அப்படியானால் அந்த மடிக்கணினி யார் காசு?

நான் 2009இல் பழைய ஆஃப்செட் அச்சு மெஷின் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவன். இந்தப் பதிவைப் படித்துவிட்டு என் அக்கா மகன் வேலையை விட்டுவிட்டு பிளாக் எழுதப் போகிறேன் என்று நிற்கிறான். அதனால்தான் கேட்கிறேன்.

மாடித்தோட்டக்காரன்:
சார், என் கையிலிருந்து போட்டது எதுவும் இல்லை, அதைத்தான் எழுதினேன். பிளாக்ஸ்பாட் இலவசம். சொந்த டொமைன் (இணைய முகவரி) 2015இல்தான் வாங்கினேன், அதுவும் விதை விற்ற காசில். கத்தரி விதையை இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணி, பழைய கல்யாணப் பத்திரிகைத் தாளில் மடித்து, பின் அடித்து, அஞ்சு ரூபாய் தபால்தலை ஒட்டி அனுப்புவேன். கேட்டவர்கள் பணத்தை முன்னாடியே போட்டுவிடுவார்கள். இதில் முதலீடு எங்கே இருக்கிறது?

அச்சாபீஸ்:
மடிக்கணினியில் இருக்கிறது. யார் காசு?

பொள்ளாச்சி வாத்தியார்:
மக்கள் வரிப்பணம் ஐயா. 2011இல் தொடங்கிய திட்டம். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகள் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் நான். அதை ஏதோ கேவலம் போல இழுக்காதீர்கள்.

அச்சாபீஸ்:
கேவலம் என்று நான் எங்கே சொன்னேன்? வரிப்பணம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் வரியும் அதில் இருக்கிறது. அப்படியென்றால் முதலீடு நான் போட்டது, "ஒரு பைசா இல்லை" என்று எழுதுவது அவரா?

பழைய பதிவர்:
மடிக்கணினியை விடுங்கள். 2014 முதல் ஆட்சென்ஸ் வருமானம், அதாவது பதிவில் கூகுள் போடும் விளம்பரத்துக்கான காசு, வந்தது என்று எழுதியிருக்கிறார். தமிழுக்கு ஆட்சென்ஸ் ஆதரவு வந்தது 2018 பிப்ரவரியில். அதற்கு முன்பு தமிழ்ப் பக்கத்தில் விளம்பரம் போடுவது விதிப்படி சரியில்லை. அந்த நாலு வருடம் நாங்களெல்லாம் சும்மா எழுதினோம். இவருக்கு மட்டும் எப்படி வந்தது?

மாடித்தோட்டக்காரன்:
நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் அண்ணா. விளம்பரம் வந்தது என் ஆங்கிலப் பக்கத்தில். கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்ப்பது எப்படி, தென்னைநார்க் கழிவை எத்தனை முறை அலசுவது என்று ஆங்கிலத்திலும் முப்பது பதிவு எழுதினேன். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அந்த முதல் 100 சேர எனக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அதைக் கொண்டு யாரும் பிழைக்க முடியாது, பிழைத்ததாக நான் எழுதவும் இல்லை. தொழில் ஓடியது விதையில். எழுத்து ஆளைக் கூட்டி வந்தது, அவ்வளவுதான்.

பழைய பதிவர்:
விதை என்றதும் ஞாபகம் வருகிறது. 2016இல் உங்களிடம் முள்ளங்கி விதை வாங்கினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை.

மாடித்தோட்டக்காரன்:
முள்ளங்கியை நாற்று விட்டிருப்பீர்கள். அதை நேரடியாக விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் கிழங்கு வராது. இதைப் பதிவிலேயே எழுதியிருந்தேன்.

பழைய பதிவர்:
நேரடியாகத்தான் விதைத்தேன். முளைக்கவே இல்லை என்கிறேன், கிழங்கு பற்றிப் பேசுகிறீர்கள்.

அச்சாபீஸ்:
முள்ளங்கியை அப்புறம் பார்க்கலாம். ஒன்றே முக்கால் வருடம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த நேரத்துக்குக் கூலி என்ன? என் கம்பாசிட்டருக்கு ஒரு ராத்திரி ஓவர்டைம் கொடுக்காமல் இருந்தால் மறுநாள் வரமாட்டார். தன் உழைப்புக்குக் கூலி போடாதவர்தான் முதலீடு இல்லை என்று கணக்கு எழுதுவார். என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரூர் தம்பி:
முதலீடு என்றால் பணம் மட்டுமா, நேரமும் சேர்த்தா? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

அச்சாபீஸ்:
தம்பி, வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க அகராதி இருக்கிறது. நான் கேட்பது பொருளைப் பற்றி. கறுப்பு நிறம், மூடியில் அரசு முத்திரை, கையில் தொட்டுப் பார்க்கலாம். அது யார் காசு?

ஈரோட்டுக்காரி:
இத்தனை பேர் அரசு காசா, அவர் காசா என்று அடித்துக்கொள்கிறீர்கள். அது அந்தத் தங்கையுடையது. கல்லூரியில் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியது. எனக்கும் கிடைத்தது. என் அண்ணன் மூன்று மாதம் அதில் படம் பார்த்தான், நான் புராஜெக்ட் அறிக்கையைத் தோழி வீட்டில் போய்த் தட்டினேன். ராத்திரியெல்லாம் அண்ணன் பதிவு எழுதினால் அவள் எப்போது படித்தாள்? பன்னிரண்டு வருட அனுபவத்தில் அவளைப் பற்றி இருப்பது அரை வரி.

மாடித்தோட்டக்காரன்:
அக்கா, அவள் பகலில் பயன்படுத்தினாள், நான் ராத்திரி. எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சண்டையும் வந்ததில்லை. முதல் வருடம் என் தமிழ் டைப்பிங் மெதுவாக இருந்தது. நான் சொல்லச் சொல்ல நிறையப் பதிவுகளை அவள்தான் தட்டிக் கொடுத்தாள்.

ஈரோட்டுக்காரி:
அப்படியானால் "முதல் இருநூறு பதிவுகளைத் தட்டினேன்" என்று ஏன் எழுதினீர்கள்?

அச்சாபீஸ்:
அம்மா கேட்டது நூற்றுக்கு நூறு சரி. மடிக்கணினி அவளுடையது, டைப்பிங் அவளுடையது. நான் முதல் நாளிலிருந்து சொல்வது இதைத்தான்.

பொள்ளாச்சி வாத்தியார்:
முதல் நாள் நீங்கள் சொன்னது வரிப்பணம் சார். இப்போது மாற்றிப் பேசுகிறீர்கள்.

அச்சாபீஸ்:
வரிப்பணம் என்றது நீங்கள். மேலே போய்ப் படியுங்கள்.

மாடித்தோட்டக்காரன்:
2013இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்களைக் கொடுத்தது. வாங்கிய பலருக்கு அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. அஸ்வினிப் பூச்சிக்கு என்ன தெளிப்பது, மாடித் தளம் ஒழுகுமா என்று தேடினார்கள். தமிழில் பதில் எழுதி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர், அதில் நானும் ஒருவன். ஒருவர் கேட்டதற்கு எழுதிய பதிலை ஆயிரம் பேர் படித்தார்கள், அதில் பத்து பேர் விதை கேட்டார்கள். என் தொழில் வளர்ந்த கதை இதுதான். இதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கை இப்போது கடையின் கணக்கு வழக்கு முழுவதும் பார்க்கிறாள், போதுமா?

அச்சாபீஸ்:
சம்பளத்துக்கா, பங்குக்கா?

மாடித்தோட்டக்காரன்:
அது எங்கள் வீட்டு விஷயம் சார்.

அச்சாபீஸ்:
வீட்டு விஷயத்தை ஊருக்குப் பாடமாக எழுதியது நீங்கள். என் அக்கா மகன் இன்று காலையில் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். "மாமா, முதலீடே வேண்டாமாம்" என்கிறான். அவனுக்குத் தங்கையும் இல்லை, இலவச மடிக்கணினியும் இல்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மாடித்தோட்டக்காரன்:
எடுக்க மாட்டேன். என் கையிலிருந்து ஒரு பைசா போடவில்லை. அது உண்மை.

அச்சாபீஸ்:
உங்கள் கையிலிருந்து போடவில்லை. யார் கையிலிருந்து போனது?

பழைய பதிவர்:
முள்ளங்கி விதை 60 ரூபாய். என் கையிலிருந்து போனது.