மாணவர் கோரிக்கை பள்ளி மேலாண்மைக் குழுவின் (எஸ்எம்சி) தீர்மானத்தில் ஏற என்ன வழி?

நாகர்கோவிலில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. கழிப்பறைத் தண்ணீர், நாப்கின் எரிப்பான், மாலை பஸ் நேரம் என்று மாணவர்கள் சொல்வதை எங்கள் இளைஞர் அமைப்பு தொகுத்துக் கொடுக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலையாட்டுகிறார்கள். தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. பதிவேட்டில் இல்லாததற்கு மேலே எந்த அலுவலகமும் அசையாது.

ஜூனில் கருத்துப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தோம், காலி. (அங்கே யார் போடுவார்கள்!) தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றியதும் சீட்டு விழுந்தது, ஆனால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். இப்போது 9 முதல் 12ஆம் வகுப்பு வரை டிக் மட்டும் போடும் அச்சுத்தாள், ஆசிரியர் இல்லாத நேரத்தில். பெற்றோர் உறுப்பினர்களில் பலர் முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாமார். மதியக் கூட்டத்துக்கு வந்தால் கூலி போகும். தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டு நகல் கேட்டு 30 நாள் கடந்தும் பதில் இல்லை, முதல் மேல்முறையீடு போட்டாயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய மாதிரி விதிகள் குழுவில் மாணவருக்கும் இடம் தர வழிவிடுகின்றன. காட்டினால், "அது மாதிரிதானே" என்கிறார்கள்.

மாணவர் கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிய வைத்தவர்கள், அதை யார் பெயரில், எந்த வடிவில் கொடுத்தீர்கள்?